அடைக்கோழியின் 21 நாள்கள்

நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் அடை வைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் முட்டையைச் சுற்றியே இருக்கும். எத்தனை வைத்தோம், எத்தனை பொரித்தன, எத்தனை கூமுட்டையாயின என்று கணக்குப் பார்க்கும் நாம், அத்தனை நாளும் அரை வயிற்றோடு அசையாமல் படுத்திருந்த கோழி என்ன ஆயிற்று என்று பார்ப்பதில்லை. முட்டைக்குச் சூடு கொடுப்பதும், அதை நாளில் பலமுறை உருட்டித் திருப்புவதும், ஓரத்து முட்டையை நடுவுக்குத் தள்ளுவதும் கோழி தானே அறிந்து செய்கிற வேலைகள். அவற்றில் நம் கை அதிகம் பட்டால் கெடுதலே மிகும். ஆனால், கருவுள்ள முட்டையைத் தேர்வது, எறும்பும் பாம்பும் அண்டாத இடம் பார்ப்பது, பேனிலிருந்தும் செள்ளிலிருந்தும் தப்புவது, உடல் வற்றிப்போகாமல் தின்பது ஆகியவை கூடைக்குள் கட்டுண்டு கிடக்கும் கோழியால் ஆகாதவை. நம் வேலை அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கொல்லைப்புறத்தில் ஐந்தாறு கோழிகள் வளர்ப்பவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சில ஊர்களில் 'அவயம்' என்று சொல்வதைத்தான் இங்கே 'அடை' என்கிறேன்.

அடைக்கு வந்த கோழியை அறிதல்

ஒரு கோழி தன் முட்டைச் சுற்றில் பத்துப் பதினைந்து முட்டைகளை இட்டு முடித்த பிறகு, முட்டையிட்ட இடத்தை விட்டு எழாமல் படுத்திருக்கத் தொடங்கும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுவதே இதற்குக் காரணம். அது மிகுந்ததும் முட்டையிடுவது நிற்கிறது, பசி குறைகிறது, படுத்திருக்கும் வேட்கை மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கொத்தும். இறக்கிவிட்டால் உடம்பை உப்பலாக்கிக்கொண்டு, தொண்டைக்குள் அடங்கிய 'கொக், கொக்' ஒலியோடு நடக்கும். கொண்டை வெளிறிச் சுருங்கும். மார்புக்கு அடியில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தெரியும். இரத்தக்குழாய்கள் நிறைந்த அந்தத் தோல்தான் முட்டையின் மேல் நேரடியாகப் பட்டுச் சூடு கொடுக்கிறது.

இந்த அடையாளங்களைக் கண்ட அன்றே முட்டையை வைத்துவிடக் கூடாது. ஒரு நாள் படுத்துவிட்டு மறுநாள் வழக்கம்போல் மேயப் போய்விடும் கோழிகளும் உண்டு. ஒன்றிரண்டு வேண்டாத முட்டைகளையோ, முட்டையளவுள்ள வழுவழுப்பான கூழாங்கற்களையோ அடியில் வைத்து, இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து படுக்கிறதா என்று பார்த்த பிறகு நல்ல முட்டைகளை வைப்பதே முறை. முதல் சுற்று முட்டையிட்ட இளங்கோழியை நம்புவதைவிட, ஏற்கெனவே ஒருமுறை குஞ்சு பொரித்து வளர்த்த கோழியை நம்பலாம். சிறுவிடைக் கோழிகள் அடைக்குப் பேர் போனவை. உடல் எடை குறைவானதால் முட்டையை மிதித்து உடைப்பதும் குறைவு. பெருவிடைக் கோழிகளும் நன்றாகப் படுக்கும், ஆனால் காலை ஊன்றும்போது ஓடு விரிசல் காணும் வாய்ப்பு அதிகம். முட்டைக்காகவே உருவாக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் இந்த இயல்பு தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து நீக்கப்பட்டுவிட்டது. வனராஜா போன்ற கலப்பினக் கோழிகளும் அரிதாகவே அடைக்கு வரும்.

நமக்குக் குஞ்சு வேண்டாத வேளையில் கோழி அடைக்கு வந்தால், அதன் மூக்கில் இறகைச் செருகுவதும், தண்ணீரில் முக்கியெடுப்பதும், காலைக் கட்டிப் போடுவதும் ஊர்களில் பழக்கம். இவை தேவையற்ற வதை. அடியில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், வெளிச்சமான இடத்தில் தீனியும் நீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் வைத்திருந்தால், அடிவயிற்றுச் சூடு தணிந்து பெரும்பாலான கோழிகள் தாமே தெளிந்துவிடும்.

முட்டைத் தேர்வு

சேவலோடு திரியும் கோழியின் முட்டையில்தான் கரு இருக்கும். இது எல்லோரும் அறிந்ததுதான் என்றாலும், நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டையை அடைக்கு வைத்து ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதும்.

முட்டையின் வயது மிக முக்கியம். இட்டு 7 நாளுக்குள் உள்ள முட்டைகளே அடைக்கு ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் 3 அல்லது 4 நாளுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. காரணம் எளியது. கோழியின் அடியில் வைக்காவிட்டாலும், நம் ஊர் வெப்பமே கருவைச் சற்று வளரச் செய்யப் போதுமானது. அப்படி அரைகுறையாக வளரத் தொடங்கி, இரவில் குளிர்ந்து, பகலில் மறுபடி சூடேறும் கரு, அடைக்குப் போகும் முன்பே வலுவிழந்துவிடும். ஆகவே, சேர்க்கும் முட்டைகளை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், மண்பானை அடியில் பரப்பிய ஈரமணலின் மேல் சிறு மண்சட்டியை அமர்த்தி, அதனுள் கூர்முனை கீழே இருக்குமாறு நிறுத்தி வைக்கலாம். நாளுக்கு ஒருமுறை சற்றே சாய்த்து மாற்றி வைத்தால் கரு ஓட்டில் ஒட்டாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த முட்டை பொரிக்கவே பொரிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 4 பாகைக் குளிர் கருவுக்கு மிக அதிகம், பொரிப்பு குறையும்.

மிகப் பெரியது, மிகச் சிறியது, நீண்டு ஒடுங்கியது, ஓடு சொரசொரப்பானது ஆகியவற்றைச் சமையலுக்கு ஒதுக்கிவிட வேண்டும். இரண்டு முட்டைகளை மெல்ல ஒன்றோடொன்று தட்டினால், விரிசல் உள்ளது மங்கலான ஒலி கொடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைக்கலாமே தவிரக் கழுவக் கூடாது. ஓட்டின் நுண்துளைகளை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும், அதன் வழியே கிருமி உள்ளே இறங்கும்.

எத்தனை வைப்பது என்பதற்குக் கோழியின் மார்புதான் அளவு. சிறுவிடைக்கு 8 முதல் 10, பெரிய கோழிக்கு 12. வெயில் காலத்தில் ஒன்றிரண்டு கூடலாம், பனிக் காலத்தில் குறைய வேண்டும். படுத்த கோழியைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஒரு முட்டைகூட இறகுக்கு வெளியே தெரியக் கூடாது. வெளியே தெரியும் ஒரு முட்டையால் அந்த ஒன்று மட்டும் கெடுவதில்லை. கோழி முட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை உள்ளே போய், வேறொன்று ஓரத்துக்கு வரும். முடிவில் எல்லாமே சேதமாகும். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று சில வீடுகளில் கருதுவார்கள். 9 என்றோ 11 என்றோ வைப்பதால் கோழிக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைக்க வேண்டும், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு குறி போட வேண்டும். குறி ஏன் என்றால், அடைக்கூடைக்குள் மற்றக் கோழிகள் புகுந்து முட்டையிட்டுப் போவது அன்றாட நிகழ்ச்சி. குறியில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால், சில முட்டை பொரித்தும் சில பாதி வளர்ந்தும் கிடக்கிற சங்கடம் நேராது.

கூடையும் இடமும்

வாயகன்ற மூங்கில் கூடையோ பழைய மண்சட்டியோ போதும். குறுக்களவு ஒன்றேகால் அடி, ஆழம் அரையடி என்பது பொதுவாகச் சரியாக இருக்கும். அடியில் இரண்டு அங்குலம் சலித்த மண்ணையோ மணலையோ இலேசாக ஈரமாக்கிப் பரப்பி, நடுவில் ஆழமற்ற குழி அமைத்து, அதன் மேல் சிறிதாக நறுக்கிய வைக்கோலை இட வேண்டும். மண் சூட்டையும் ஈரத்தையும் தாங்கி வைக்கும். குழி முட்டைகளை நடுவில் கூட்டி வைக்கும். வைக்கோல் ஓட்டுக்கு மெத்தையாகும். நறுக்காத நீண்ட வைக்கோலும் தேங்காய் நாரும் கோழியின் காலிலும், பிறகு குஞ்சின் காலிலும் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் பேசின் வேண்டாம். அதன் வழுக்கும் அடிப்பரப்பில் பிறக்கும் குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாமல் போகக் கூடும்.

கூடையில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் ஆகியவற்றைப் போட்டு வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும், இரும்பும் கரியும் அதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இடியால் கரு கெடுவதில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இடிமழை நாளில் கூரை ஒழுகிக் கூடை நனைவதும், மிரண்ட கோழி எழுந்து ஓடி இரவெல்லாம் திரும்பாமல் இருப்பதும் உண்மையில் நடப்பவை. அந்த இழப்பைக் கண்டவர்கள்தாம் பழியை இடியின் மேல் போட்டிருக்க வேண்டும். இரும்புத் துண்டைப் போடுவதில் கேடில்லை. அதோடு ஒழுகாத கூரையையும் பார்த்துக்கொண்டால் சரி.

இடம் அரையிருட்டாகவும் அமைதியாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே பங்குனிக்குப் பிறகு அடை வைப்பது கோழியை வேக வைப்பதற்குச் சமம். ஓலைக் கூரை, ஓட்டுக் கூரை, வீட்டுத் திண்ணையின் உள்மூலை ஆகியவை நல்லவை. கூடையை உயரத்தில் வைத்தால் கோழி குதித்து இறங்கி ஏறும்போது முட்டை உடையும். தரையில் வைத்தால் எறும்பு வரும். நான்கு செங்கல் அடுக்கிய மேடையில், கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்த சிறு பலகையின் மேல் கூடையை வைத்து, பொரிக்கும் நாளுக்கு முன் தரைக்கு இறக்குவது நான் பின்பற்றும் வழி. இரவில் பெருச்சாளி, கீரி, மரநாய், பாம்பு ஆகிய நான்கையும் நினைவில் வைத்துக் கூடையைச் சுற்றி அரை அங்குலக் கம்பிவலையாலோ, காற்று புகும் கனமான கூடையைக் கவிழ்த்தோ காவல் செய்ய வேண்டும். சாரைப்பாம்பு ஓர் இரவில் பாதி முட்டைகளை விழுங்கிவிட்டுப் போன வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு.

கோழி தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படுத்திருந்து, அந்த இடம் பாதுகாப்பாகவும் இருந்தால், அங்கேயே விட்டுவிடுவது மேல். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இருட்டிய பிறகு மாற்ற வேண்டும்; பகலில் தூக்கி வைத்த கோழி பழைய இடத்துக்கே ஓடும், இரவில் வைத்தது விடியும்போது புதிய இடத்தைத் தன் இடமாக ஏற்றுக்கொள்ளும். முதல் நாள் போலி முட்டையோடு வைத்து, மறுநாள் இரவு நல்ல முட்டைகளை ஒவ்வொன்றாக அடியில் செருகலாம்.

எந்தப் பருவம் என்று கேட்டால், மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை என்பேன். வடகிழக்குப் பருவமழையில் பொரிக்கும் குஞ்சுகள் நனைந்து விறைத்துச் சாகும். அக்கினி நட்சத்திர வெயிலில் முட்டையும் கெடும், கோழியும் வாடும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது

அடையிலிருக்கும் கோழி ஒரு நாளில் ஒருமுறை, சுமார் 15 முதல் 20 நிமிடம் வெளியே வரும். அதற்குள் தின்று, குடித்து, எச்சமிட்டு, புழுதியில் புரண்டு திரும்ப வேண்டும். ஆகையால், மேய்ந்து தேட விடாமல் எல்லாவற்றையும் பத்தடிக்குள் நாம் கொண்டுவந்து வைக்க வேண்டும். காலை வெயில் ஏறும் முன், நாள்தோறும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் அதற்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். மற்றக் கோழிகளை அந்த நேரம் மட்டும் அடைத்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அவை தீனியைப் பறித்துக்கொள்வதோடு, காலியாக இருக்கும் கூடையில் ஏறி முட்டையும் இடும்.

சில கோழிகள் எழவே எழாது. நல்ல கோழி என்று அதைப் பாராட்டிச் சும்மா இருந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட கோழிதான் மூன்றாம் வாரத்தில் எலும்பும் தோலுமாகிச் சாகிறது. இரண்டு கையாலும் தூக்கி வெளியே விட வேண்டும். தூக்கும் முன் இறக்கைகளை ஒவ்வொன்றாக மெல்ல விலக்கிப் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் இறக்கைக்கும் விலாவுக்கும் இடையில் முட்டையை இடுக்கி வைத்திருக்கும் பழக்கம் கோழிக்கு உண்டு. பாராமல் தூக்கினால் அந்த முட்டை மேலிருந்து விழுந்து, கீழே உள்ள இரண்டையும் உடைக்கும். தரையில் விட்டதும் கோழி சிறிது நேரம் அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கும், பொறுத்திருந்தால் எழுந்துவிடும்.

தீனிக்கு முழுத் தானியமே ஏற்றது. கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், நெல் ஆகியவற்றைக் கலந்து இரண்டு கைப்பிடி வைத்தால், தீனிப்பையில் தங்கி நெடுநேரம் பசி தாங்கும், எச்சமும் இறுகலாக இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள மிகுந்த சுண்ணாம்புச்சத்து முட்டையிடாத இந்த நாள்களில் தேவையில்லை. பழைய சோற்றைத் தண்ணீரோடு கொடுப்பதையும், கீரையை அதிகம் கொடுப்பதையும் தவிர்க்கலாம். கழிச்சல் கண்டால் கோழி கூடையிலேயே அசுத்தம் செய்யும். தண்ணீர் தீனியைவிட முக்கியம், அதுவும் கோடையில் நிழலில் வைத்த மண்பாத்திரத் தண்ணீர்.

வெளியே வந்த கோழி இடும் எச்சம் மிகப் பெரிதாகவும் தாங்க முடியாத நாற்றத்தோடும் இருக்கும். ஒரு நாள் முழுதும் அடக்கி வைத்ததால் அப்படி. நோய் என்று அஞ்ச வேண்டாம். எச்சமிடாமல் கூடைக்குத் திரும்ப முயன்றால் மட்டும் சற்றுத் தடுத்து நடக்கவிட வேண்டும்.

கோழி வெளியே இருக்கும் நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடும் என்று பதறுவது வேண்டாம். அந்தச் சிறு குளிர்ச்சி இயற்கையானதே. ஏதோ காரணத்தால் கோழி இரண்டு மூன்று மணி நேரம் திரும்பாமல் இருந்து, முட்டைகள் தொட்டால் சில்லென்று இருந்தாலும், அவற்றை உடனே தூக்கி எறிந்துவிடாமல் மறுபடி அடியில் வைத்து, நான்கு நாள் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யலாம். பல முட்டைகள் தப்பியிருக்கும்.

முட்டை உடைந்து மற்றவற்றின் மேல் வழிந்திருந்தால், வைக்கோலை முழுதும் மாற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மற்ற முட்டைகளை ஒற்றியெடுத்து உலரவிட்டு வைக்க வேண்டும். வழிந்த கருவை அப்படியே விட்டால் ஓட்டுத்துளைகள் அடைபடும், எறும்பும் மணம் பிடித்து வரும்.

பேனும் செள்ளும்

அடையிலிருக்கும் கோழிக்கு முதல் பகை இவைதான். அசையாமல் சூடாகப் படுத்திருக்கும் ஓர் உடம்பு இவற்றுக்குக் கிடைத்த விருந்து. பேன் கோழியின் உடம்பிலேயே வாழும். எச்சத்துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகின் அடித்தண்டில் வெள்ளை வெள்ளையாக ஈர் கொத்தாக ஒட்டியிருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். செள் வேறு வகை. பகலில் கூடையின் பின்னலிலும் சுவரின் வெடிப்பிலும் ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். பகலில் எவ்வளவு தேடினாலும் கோழியின் மேல் அகப்படாததால், கேடு முற்றும் வரை நமக்குத் தெரியாது. என் முதல் அடைக்கோழிகளில் ஒன்று, 17 நாள் உறுதியாகப் படுத்திருந்துவிட்டுப் பதினெட்டாம் நாள் கூடையை விட்டு இறங்கித் திரும்பவே மறுத்தது. கோழியைத் திட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிப் பார்த்தபோது, என் முழங்கை வரை மிளகுத்தூள் சிதறியது போல் செள் ஏறியது. அன்றிலிருந்து முட்டையைப் பார்க்கும் முன் கூடையின் அடியைப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று.

அடை வைப்பதற்குச் சில நாள் முன்பே கோழியைப் பிடித்துப் பேன் பார்த்து, தேவையானால் மருந்து போட்டு முடித்துவிட வேண்டும். முட்டையின் மேல் உட்கார்ந்த பிறகு எந்த மருந்தும் தயக்கத்துக்குரியது. கூடையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் கடும் வெயிலில் காய வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். வைக்கோலுக்கு அடியில் காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் பரப்பலாம். கோழி வெளியே வரும் இடத்தில் விறகுச் சாம்பலும் பொடிமண்ணும் கலந்த ஒரு குழி வேண்டும். அதில் அது தானே புரண்டு இறகின் இடுக்கெல்லாம் சாம்பலை ஏற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை இரவில் டார்ச் விளக்கோடு போய்க் கூடையின் விளிம்பில் விரலால் தேய்த்துப் பார்த்தால், செள் இருந்தால் சிவந்த கறை விரலில் படியும். கண்டால் அன்றே வேறு கூடை, வேறு வைக்கோல். பழையதை எரித்துவிட வேண்டும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தூளை அடைக்கூடையில் தூவுவது முட்டைக்கும் கோழிக்கும் நஞ்சு. மருந்து வேண்டுமானால் கால்நடை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை, கோழியைக் கையில் எடுக்கும்போது மார்பெலும்பைத் தடவிப் பார்ப்பது நல்லது. எடை ஓரளவு குறைவது இயல்பு. எலும்பு கத்திமுனை போல் தட்டுப்பட்டால் தீனியை இரண்டு வேளையாக்க வேண்டும். கண்ணை மூடித் தலையைத் தொங்கவிட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், அது அடைச் சோர்வைக் கடந்த நோய். முட்டைகளை வேறோர் அடைக்கோழிக்கு மாற்றிவிட்டு, நோயுற்றதைத் தனியே பிரித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முட்டை பார்த்தல்

ஏழாம் நாள் இரவில் முதல்முறை முட்டை பார்க்கலாம். கைப்பேசி விளக்கின் மேல், ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் துளையிட்ட அட்டையை வைத்து, முட்டையின் அகன்ற முனையை அதில் பொருத்தினால் போதும். கரு வளரும் முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்திவலை போல் பிரியும் சிவந்த நரம்புகளும் தெரியும். ஒன்றும் தெரியாமல் ஒரே தெளிவாக இருந்தால் அது கருவில்லாத முட்டை. நரம்புகள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு தொடக்கத்திலேயே இறந்துவிட்டது என்று பொருள். பழுப்பு ஓட்டு முட்டைகளில் ஏழாம் நாள் ஐயமாகத் தோன்றினால், பென்சிலால் ஒரு கேள்விக்குறியிட்டு வைத்து, மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம். பதினான்காம் நாள் இரண்டாம் முறை பார்க்கும்போது, நல்ல முட்டையின் பெரும்பகுதி இருண்டும், அகன்ற முனையில் காற்றறை மட்டும் தெளிவாகவும் இருக்கும். ஐயமுள்ளவற்றைத் தவிர மற்றவற்றுக்கு இந்த இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கெட்ட முட்டைகளை எடுத்துவிடுவதில் தயக்கம் காட்டக் கூடாது. அழுகிய முட்டை கோழியின் சூட்டில் வெடித்தால், அந்த நீர் பட்ட நல்ல முட்டைகளும் போய்விடும்.

கடைசி மூன்று நாள்கள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையில் கை வைக்கக் கூடாது. குஞ்சு உள்ளே தலையைக் காற்றறைப் பக்கம் திருப்பி, வெளியேறும் நிலைக்கு வந்திருக்கும். கோழியும் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிடும், வெளியே வர மறுக்கும். அப்போது வலிந்து தூக்காமல், அது கழுத்தை நீட்டினால் எட்டும் இடத்தில் தீனியும் தண்ணீரும் வைத்துவிட வேண்டும். காற்று வறண்ட நாளாக இருந்தால் கூடையைச் சுற்றியுள்ள தரையில் மணல் பரப்பித் தண்ணீர் தெளிக்கலாம். உலர்ந்த காற்றில் உள்சவ்வு தோல்போல் இறுகிக் குஞ்சைச் சுற்றிக்கொள்ளும். இருபதாம் நாள் முட்டையை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால், அந்தச் சோதனையிலேயே குஞ்சு மூழ்கிவிடும். ஆகவே நான் செய்வதில்லை.

குஞ்சு காற்றறையைக் குத்தித் திறந்ததும் முட்டைக்குள்ளிருந்தே கீச்சொலி கேட்கும், கோழி தாழ்ந்த குரலில் மறுமொழி சொல்லும். ஓட்டில் முதல் துளை விழுந்ததிலிருந்து முழுதும் வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். துளையிட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல் கிடக்கும் அந்த இடைவேளைதான் நம் பொறுமைக்குச் சோதனை. அந்த நேரத்தில் குஞ்சு சவ்விலுள்ள இரத்தத்தையும், மஞ்சள் கருவின் மிச்சத்தையும் உடலுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கும். எறும்பு வருகிறதா என்று மட்டும் அடிக்கடி பார்க்க வேண்டும், ஏனென்றால் துளை விழுந்த முட்டையின் ஈரமணம் எறும்பை ஊரெங்கும் இருந்து அழைத்துவரும்.

முதலில் பொரித்த குஞ்சுகள் ஓடத் தொடங்கியதும், மீதி முட்டைகளைக் கைவிட்டு எழுந்து போகும் கோழிகளும் உண்டு. கூடையின் மேல் துணி போர்த்தி இருட்டாக்கி, தீனியைக் குஞ்சுகளின் கண்ணில் படாமல் வைத்தால் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கும். உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குப் போதிய உணவு என்பதால், குஞ்சுகள் பட்டினி கிடக்கின்றன என்ற கவலை வேண்டாம். 21 நாள் முடிந்து மேலும் இரண்டு நாள் ஆகியும் பொரிக்காதவை இனிப் பொரிக்கப் போவதில்லை, அவற்றைப் புதைத்துவிடலாம்.

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்று ஒரு பழமொழி உண்டு. தாயன்பைப் பற்றி அது உண்மையே. ஆழமான, குறுகிய கூடையில் பன்னிரண்டு குஞ்சும், உடைந்த ஓடுகளும், ஒரு பெருவிடையும் நெருக்கிக்கொண்டிருந்தால் மட்டும் அது பொய்த்துப் போகும். எனவே வெற்று ஓடுகளை அவ்வப்போது எடுத்துவிட்டு, குஞ்சுகள் உலர்ந்ததும் தாயோடு அகன்ற, காய்ந்த தரைக்கு மாற்றிவிட வேண்டும்.

பொரித்த பின் தாய்க்கு

குஞ்சுகளைச் சுற்றி வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும் அந்தக் காலையில், முதல் தீனி தாய்க்குப் போக வேண்டும். ஆனால் அது தின்னாது. தானியத்தைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டுக் குஞ்சுகளை அழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே குஞ்சுகளுக்கு நொய்யரிசியும் கம்புக் குருணையும் தாராளமாகத் தூவி, அவை வயிறு நிறைந்து தாயின் அடியில் ஒடுங்கும் நேரம் பார்த்து, தாய்க்குத் தனியே முழுத் தானியம் வைக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் குஞ்சு மூழ்காது.

கரையான் இருவருக்கும் நல்ல உணவு. பழைய மண்பானையில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்குத்துணியையும் ஓலையையும் அடைத்து, இலேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள தரையில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். கோழிகளைக் கவிழ்த்து மூடி வைக்கும் பெரிய கூடையான பஞ்சாரத்துக்குள் அதைத் தட்டிவிட்டால், 21 நாள் புரதத்தை இழந்திருந்த தாயும் குஞ்சுகளோடு சேர்ந்து பொறுக்கும்.

முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்தில் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் வெளியே விடுவது, காக்கைக்கும் பருந்துக்கும் பலி கொடுக்காமல் இருக்க உதவும். ஏழாம் நாள் அளவில் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். குஞ்சுகள் பொரித்த உடனேயே அவற்றைப் பிரித்து வேறு தாயிடமோ விளக்குச் சூட்டிலோ விட்டுவிட்டு, அதே கோழியின் அடியில் புதிதாக முட்டை வைத்து மறு அடைக்கு உட்கார வைப்பவர்கள் உண்டு. கோழி மறுக்காது; அதன் உடலில் உள்ள புரோலாக்டின் மறுக்க விடாது. ஆனால் 42 நாள் பட்டினி கிடந்த கோழி எழும்போது கொண்டை கறுத்து, இறகு ஒடிந்து, அடுத்த முட்டைச் சுற்றுக்கு வரவே பல மாதம் எடுத்துக்கொள்ளும். அப்போது வரும் முதல் நோயிலேயே போய்விடுவதும் உண்டு. வாத்து முட்டையை அடை வைப்பவர்களும் இதை நினைக்க வேண்டும்: அதற்கு 28 நாள் ஆகும், அந்தக் கூடுதல் ஒரு வாரத்துக்கு வலுவான கோழியும் இரண்டு வேளைத் தீனியும் வேண்டும்.

குஞ்சுகளைத் தாயோடு ஆறு முதல் எட்டு வாரம் மேயவிட்டால், ஒரு நாள் தாயே அவற்றைக் கொத்தி விரட்டத் தொடங்கும். கொண்டை மறுபடி சிவந்திருக்கும், மார்பில் புது இறகு வந்திருக்கும். அதற்குப் பிறகு அது இடும் முட்டைகளைத் தேதி எழுதிச் சேர்த்து வைக்கலாம்.